வாசலில் தொங்கட்டும் வலுச் சான்றிதழ்!

(தலைமன்னாரில் உழவரும் மீனவரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் மின் பொறியியலாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

கட்டுக்கரைக் குளத்து வயல்களை விட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கும் உழவர் பெருமக்களே! கடலோடு போராடி வாழும் தலைமன்னார்ச் சகோதரர்களே! தாய்மார்களே!

நாம் கூடியிருக்கும் இந்த ஊரிலேதான் பழைய இறங்குதுறை இருக்கிறது. 1914 ஆம் ஆண்டிலே புகையிரதமும் கப்பலும் இங்கே கைகோத்தன. தனுஷ்கோடியிலே கப்பலேறியவர்கள் இத்துறையில் இறங்கி, கொழும்புக்கும் மலைநாட்டுக்கும் வண்டியேறினார்கள். தோட்டங்களுக்குப் போன ஏழைத் தொழிலாளியோ, அக்கரையில் மண்டபம் முகாமிலே தங்கவைக்கப்பட்டு, தொற்றுநோய் இல்லையென்று பரிசோதிக்கப்பட்ட பின்னரே இக்கரையில் கால்வைக்க முடிந்தது. அவன் கையிலே அதற்கொரு சான்று இருக்கவேண்டும். சான்று இல்லையேல் பயணமும் இல்லை!

உழைக்க வந்த மனிதனுக்குச் சான்று கேட்ட நாடு இது. ஆனால், ஆண்டுக்கு இலட்சக்கணக்கான அலகு மின்சாரத்தை விழுங்குகிற ஒரு கட்டடத்தைப் பார்த்து, “நீ எவ்வளவு உண்கிறாய்? அவ்வளவும் உனக்குத் தேவைதானா? சான்று எங்கே?” என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. அந்த வழக்கம் வரவேண்டும். அது சட்டமாகவும் வரவேண்டும் என்பதை எடுத்துரைக்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

சான்றிதழ் என்பது யாது?

நண்பர்களே! வலுச் சான்றிதழ் என்றவுடன் ஏதோ பெரிய விஞ்ஞானம் என்று அஞ்சவேண்டாம். நெல்லை நிறுப்பதுபோன்ற எளிய காரியந்தான் அது.

ஒரு கட்டடத்துக்கு வந்த பன்னிரண்டு மாத மின்கட்டணச் சீட்டுகளை எடுங்கள். அவற்றிலுள்ள அலகுகளைக் கூட்டுங்கள். அந்தக் கட்டடத்தின் தளப்பரப்பு எத்தனை சதுர மீற்றர் என்று அளந்துகொள்ளுங்கள். ஒரு சதுர மீற்றர் என்பது ஏறக்குறையப் பத்தேமுக்கால் சதுர அடி. அலகைப் பரப்பால் வகுத்தால், ஒரு சதுர மீற்றருக்கு ஆண்டொன்றுக்கு எத்தனை அலகு என்ற ஓர் எண் கிடைக்கும். எரிபொருள் வேறு ஏதும் பயன்படுமாயின் அதனையும் கணக்கிற் சேர்க்கவேண்டும். அதே வகையைச் சேர்ந்த பிற கட்டடங்களின் எண்ணோடு அதனை ஒப்பிட்டு, நல்லது, நடுத்தரம், மோசம் என்று தரம் பிரித்து, ஒரு தாளில் அச்சிட்டு, மக்கள் வந்துபோகும் வாசலிலே தொங்கவிடவேண்டும். எங்கெங்கே வீண்போகிறது, எதைச் செய்தால் குறையும் என்ற ஆலோசனைக் குறிப்பும் அதனோடு இணைந்திருக்கவேண்டும். இவ்வளவுதான் வலுச் சான்றிதழ்!

வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவருக்கு இது புதிதா? துருசு திறந்தால் எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் நீர், எந்த வயலுக்கு எப்போது முறை என்பதை வட்டவிதானை ஊரறியச் சொல்கிறார். ஒருவன் வரம்பை வெட்டிக் கூடுதலாகப் பாய்ச்சினால், அடுத்த வயற்காரன் கேட்கிறான். ஏன்? குளத்து நீர் பொதுச்சொத்து. மின்சாரமும் அத்தகைய பொதுச்சொத்துத்தானே? அதற்கு மட்டும் துருசுக் கணக்கு வேண்டாமா?

காற்று நமது, கணக்கு எங்கே?

இந்தக் கேள்வியை நாட்டின் வேறெந்த மூலையிலிருப்பவரைக் காட்டிலும் கேட்பதற்கு அதிக உரிமை உடையவர்கள் மன்னார்த் தீவு மக்கள் என்று சொல்வேன். காரணம், சோளகக் காற்று!

நம் பாட்டன்மார் சோளகம் பெயர்ந்தால் வள்ளத்தைக் கரையேற்றினார்கள். அதே காற்று இன்று நாட்டுக்கு மின்சாரம் தருகிறது. தீவின் தென்கரையிலே இலங்கை மின்சார சபை அமைத்த தம்பபவனி காற்றாலை 2020 ஆம் ஆண்டு டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. 30 கோபுரங்கள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5 மெகாவாட். நம் கரையிலே பிறக்கும் அந்த மின்சாரம் நடுக்குடாவிலே திரண்டு, கம்பியேறித் தெற்கே போகிறது.

அதன் பின்னும் புதிய திட்டங்கள் வந்தன. இந்தியாவின் அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் பெரும் காற்றாலைகளை அமைக்க முன்வந்து, 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. வேறு திட்டங்கள் தொடர்ந்தன. 2025 ஓகஸ்டிலே மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். வெள்ளநீர் வடிய வழியில்லாமற் போகிறது என்றார்கள். மீன்பிடி கெடுகிறது என்றார்கள். வலசை வரும் பறவைகளின் பாதை மறிக்கப்படுகிறது என்றார்கள். வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைக்குமாறு சனாதிபதி பணித்தார்.

அந்த வழக்கை இங்கே மீண்டும் நடத்த நான் வரவில்லை. காற்றாலை வேண்டும் என்பாரும் இக்கூட்டத்தில் இருப்பீர்கள். வேண்டாம் என்பாரும் இருப்பீர்கள். இரு சாராரும் ஒன்றுபடக்கூடிய ஒரு கேள்வியைத்தான் நான் முன்வைக்கிறேன். “நாட்டுக்கு மின்சாரம் தேவை, ஆகவே உங்கள் நிலத்தைத் தாருங்கள்” என்று நம்மிடம் கேட்கிறார்கள். நல்லது. தேவை என்பதில் எவ்வளவு உண்மைத் தேவை, எவ்வளவு வீண்? இந்தக் கணக்கைக் காட்டும் கடமை கேட்பவருக்கு உண்டா, இல்லையா?

விருந்தினருக்குச் சோறு போதவில்லை, உன் வயலையும் எழுதித்தா என்கிறார் ஒருவர். பின்கட்டிற் போய்ப் பார்த்தால் அண்டா அண்டாவாகச் சோறு கொட்டப்படுகிறது. வயலைக் கொடுக்குமுன் அண்டாவைப் பார்க்கவேண்டும் என்று சொல்வது தவறாகுமா?

இருநூறு கட்டடமும் ஒரு கோபுரமும்

கணக்கில்லாமற் பேசுவது என் தொழிலுக்கு அழகன்று. ஆகவே ஒரு கணக்குச் சொல்கிறேன். தாளும் பென்சிலும் வைத்திருப்போர் சரிபார்த்துக்கொள்ளலாம்.

3.45 மெகாவாட் கோபுரம் ஒன்று ஆண்டின் 8,760 மணி நேரமும் முழு வலுவுடன் சுழன்றால் ஏறக்குறைய 3 கோடி அலகு தரும். காற்று அப்படி இடைவிடாது வீசுவதில்லை. மூன்றிலொரு பங்கு கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடி அலகு.

இனி ஓர் அலுவலகக் கட்டடத்தை எண்ணிக்கொள்ளுங்கள். தளப்பரப்பு 1,000 சதுர மீற்றர். பெரும்பகுதியும் குளிரூட்டப்பட்டது. சதுர மீற்றருக்கு ஆண்டில் 160 அலகு உண்கிறது. மொத்தம் 1 இலட்சத்து 60 ஆயிரம் அலகு. வீணைக் களைந்து 160 ஐ 110 ஆக்கிவிட்டால், 50 ஆயிரம் அலகு மிச்சம். இத்தகைய 200 கட்டடங்களிலே மிச்சமாவது எவ்வளவு? 1 கோடி அலகு!

இருநூறு கட்டடங்கள் ஒழுங்காக நடந்தால் ஒரு கோபுரத்தின் வேலை நடந்துவிடுகிறது. அதற்குக் கடற்கரை வேண்டாம், அத்திவாரம் வேண்டாம், வெள்ளம் மறிபடாது, ஒரு பூநாரையின் சிறகும் அடிபடாது.

110 என்பது என் கற்பனையில் உதித்த இலக்கன்று. கடலுக்கு அக்கரையிலே இந்தியாவின் வலுச்செயற்றிறன் பணியகம் 2009 இலே அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரத் தரம் வகுத்தபோது, நம்மைப்போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிக்க பிரதேசங்களில், பாதிக்கு மேல் குளிரூட்டப்பட்ட கட்டடத்துக்கு அளவு குறித்தது. 200 முதல் 175 அலகு வரை ஒரு நட்சத்திரம். 100 க்குக் கீழே வந்தால் ஐந்து நட்சத்திரம். நான் சொன்ன கட்டடம் இரண்டு நட்சத்திரத்திலிருந்து நான்குக்கு ஏறுகிறது, அவ்வளவே. வானத்தை வில்லாக வளைக்குமாறு எவரையும் கேட்கவில்லை.

மின்சாரத்தை மிச்சம் பிடித்தால் காற்றாலையே தேவையில்லையா என்று கேட்பீர்கள். அப்படிச் சொன்னால் அது பொய்யாகும். நுரைச்சோலையிலே 900 மெகாவாட் நிலக்கரி எரிகிறது; அதை என்றாவது அணைக்கவேண்டுமாயின் காற்றும் வெயிலும் வேண்டும். ஆனால் ஓட்டைப் பானையை அடைக்காமல் புதுக் கிணறு வெட்டுவோரை அறிவாளிகள் என்று எவரும் சொல்லார். ஓட்டையை அடைத்த பின்னர் எத்தனை கிணறு வேண்டும் என்று பேசுவோம்.

யாருமில்லா அறையில் ஓடிய குளிரூட்டி

நான் கண்ணாரக் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அலுவலகத்தின் மின்செலவைப் பார்த்துச் சொல்லுமாறு என்னை அழைத்தார்கள். எந்த அலுவலகம், எந்த ஊர் என்பது வேண்டாம். நான் மூன்று கேள்விகள் கேட்டேன். ஆண்டுக்கு எத்தனை அலகு? தளப்பரப்பு எவ்வளவு? இரவிலே எவ்வளவு ஓடுகிறது?

முதற் கேள்விக்கு விடை, கட்டிவைத்த சீட்டுகளுக்குள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. மாதாமாதம் பணம் கட்டியவர் ரூபாயைப் பார்த்தாரேயன்றி அலகைப் பார்த்ததில்லை. இரண்டாவதை அறிந்தவர் ஒருவருமில்லை; நானும் காவலாளியுமாக நாடா பிடித்து அளந்தோம். மூன்றாவதற்கு, மாலையில் கதவைப் பூட்டும்போது மின்மானியைப் பார்த்து எழுதினேன். காலையில் திறக்கும்போது மீண்டும் பார்த்தேன். ஓர் உயிரும் இல்லாத கட்டடத்திலே இரவு முழுவதும் மின்மானி ஓடியிருக்கிறது!

தேடிப்போனோம். பின்பக்கத்திலே ஓர் அறை. முன்னொரு காலத்தில் அங்கே கணினிகள் இருந்தனவாம். கணினிகளை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குளிரூட்டி மட்டும் இரவும் பகலும் தன் கடமையைத் தவறாது செய்துகொண்டிருந்தது. பழைய கோப்புகள் குளிரிலே நடுங்கிக்கொண்டிருந்தன!

அந்த அலுவலகத்தார் கெட்டவர்களா? அல்லர். தம் வீட்டிலே மின்விளக்கு ஒன்று வீணாக எரிந்தால் ஓடிப்போய் அணைப்பவர்கள்தாம். வீட்டுக் கட்டணம் தம் மடியிலிருந்து போகிறது. அலுவலகக் கட்டணம் எவர் மடியிலிருந்து போகிறதென்று அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. அது உங்கள் மடி, தோழர்களே! நீங்கள் தீப்பெட்டி வாங்கினாலும் பசளை வாங்கினாலும் கட்டுகிற வரி அது.

2022 இலே நாம் பட்ட பாட்டை மறக்கமுடியுமா? நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. அந்த ஓகஸ்டிலே கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. ஆறு மாதத்தில், 2023 பெப்ரவரியில், மேலும் 66 சதவீதம் ஏறியது. இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு. பின்னர் கட்டணம் இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. பனிக்கட்டிக்காரனும் அரிசி ஆலைக்காரனும் கிணற்று நீர் இறைக்கும் தோட்டக்காரனும் அந்த அடியை நேரே வாங்கினார்கள். யாருமில்லாத அறையில் ஓடும் குளிரூட்டிக்கு மட்டும் ஓர் அடியும் விழவில்லை.

உலகம் செய்தது என்ன?

வாசலில் சான்றிதழ் தொங்கவிடும் யோசனை என் மூளையிலே பிறந்ததன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2002 ஆம் ஆண்டின் பணிப்புரை மூலம் இதனை விதியாக்கியது. பொதுமக்கள் வந்துபோகும் பொதுக் கட்டடம் 1,000 சதுர மீற்றருக்கு மேற்பட்டதாயின் சான்றிதழ் கண்ணிற் படும்படி தொங்கவேண்டும் என்றது. 2010 இன் புதிய பணிப்புரை அந்த எல்லையை 500 ஆக்கியது; 2015 ஜூலையிலிருந்து 250 ஆக்கியது. முதலிற் பெரியவை, பின்னர் நடுத்தரம், பின்னர் சிறியவை எனப் படிப்படியாக இறங்கினார்கள்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2008 ஒக்டோபரிலிருந்து பொதுக் கட்டடங்களின் வாசலில் இச்சான்றிதழ் தொங்குகிறது. ஏ முதல் ஜி வரை ஏழு தரங்கள். அந்த வகைக் கட்டடம் வழக்கமாக உண்ணும் அளவுக்கு 100 என்று புள்ளி வைத்தார்கள். 25 வரை வந்தால் ஏ. 150 ஐத் தாண்டினால் ஜி. நூலகத்துக்குப் புத்தகம் எடுக்கப் போகிற பிள்ளையும் அந்த எழுத்தை வாசித்துக்கொண்டே உள்ளே போகலாம்.

நியூயோர்க் மாநகரம் 2009 இலே பெரிய கட்டடங்கள் ஆண்டுதோறும் தம் வலுக் கணக்கைச் சமர்ப்பிக்கவேண்டுமென்று சட்டம் செய்தது. 2018 இன் சட்டப்படி, 2020 முதல் தர எழுத்தை வாசலிலே ஒட்டவேண்டும். கோடீசுவரரின் வானளாவிய மாளிகைக்கும் விலக்கில்லை.

அவை குளிர்நாடுகள், பணக்கார நாடுகள் என்று ஒதுக்கலாம். நம்மைப்போல் வெப்பத்திலே வேகும் சிங்கப்பூரைப் பாருங்கள். நம் உறவினர் பலர் வாழும் நாடு. 2005 இலே பசுமைத் தரத்தை விரும்பியோருக்கெனத் தொடங்கினார்கள். 2008 முதல் புதிய பெரிய கட்டடங்களுக்கு அதன் குறைந்தபட்ச அளவைக் கட்டாயமாக்கினார்கள். 2012 இலே சட்டத்தைத் திருத்தி, கட்டட உரிமையாளர் ஆண்டுதோறும் வலுக்கணக்குக் கொடுக்கவேண்டும் என்றார்கள். விருப்பத்தில் தொடங்கியது சட்டத்தில் முடிந்தது.

நம் நாட்டிலும் வேர் இல்லாமலில்லை. 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை அமைந்தது. 2008 இலே வலுச்சிக்கனக் கட்டடங்களுக்கான கோவை ஒன்றை அது வெளியிட்டது. 2020 இன் பதிப்பாக அது புதுக்கப்பட்டது. கட்டுவோருக்கு வழிகாட்டும் நல்ல நூல் அது. ஆயினும் கட்டி முடிந்து, மக்கள் ஏறி இறங்கும் கட்டடம் இன்று என்ன உண்கிறது என்பதை வாசலில் நின்று சொல்லும் சான்றிதழே நாம் கேட்பது.

சுழி பார்ப்பதும் ஏரிற் பூட்டுவதும்

இதிலே ஒரு நுட்பமுண்டு. உழவருக்கு எளிதில் விளங்கும். எருது வாங்கப் போகிறவன் முதலிலே சுழி பார்க்கிறான். கொம்பும் திமிலும் பார்க்கிறான். பின்னர் ஏரிற் பூட்டிப் பார்க்கிறான். கட்டடச் சான்றிதழும் அவ்வாறே இருவகை.

சுவர், கூரை, யன்னல், குளிரூட்டி ஆகியவற்றைப் பரிசோதித்து, இக்கட்டடம் இவ்வளவு உண்ணக்கூடும் என்று கணித்துக் கொடுப்பது ஒருவகை. உண்மையிலே மின்மானி காட்டிய அளவைக்கொண்டு கொடுப்பது மற்றொரு வகை. நல்ல சுழியுள்ள எருதும் ஏரிலே படுத்துவிடுவதுண்டு! சிறந்த முறையிற் கட்டிய கட்டடமும், கதவைத் திறந்துவைத்துக் குளிரூட்டியை ஓடவிட்டால், மோசமான கணக்கே காட்டும்.

வாடகைக்கும் விற்பனைக்கும் வரும் வணிகக் கட்டடத்துக்கு முதல்வகை வேண்டும். ஏனெனில், கட்டுபவர் ஒருவர். கட்டணம் செலுத்துபவர் வேறொருவர். கூரைக்கு வெப்பத்தடுப்புப் போடாமல், மேற்கு வெயிலுக்குக் கண்ணாடி போட்டு, மலிவாகக் கட்டி வாடகைக்குக் கொடுத்துவிட்டால், ஆயுள் முழுவதும் அந்த வெப்பத்துக்கு வட்டி கட்டுபவர் வாடகைக்காரரே. உடன்படிக்கையிற் கையெழுத்திடுமுன் அவர் கையிலே சான்றிதழ் இருந்தால், ஏமாற மாட்டார். பொதுக் கட்டடங்களுக்கோ இரண்டாம் வகை வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

ஐயங்கள் சில

“சான்றிதழா? காசு கொடுத்தால் கிடைக்குமே!” என்று ஒருவர் மெதுவாகச் சொல்வது கேட்கிறது. நியாயமான ஐயம். அதனாலேதான் மின்மானிக் கணக்கை வற்புறுத்துகிறேன். மின்சாரம் வழங்குபவரிடம் ஒரு பிரதி இருக்கிறது. அலுவலகத்திடம் ஒரு பிரதி இருக்கிறது. பொய்யெண் எழுதினால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையே வகுத்துப்பார்த்துப் பிடித்துவிடும். சான்றளிப்பவர் பொய்யுரைத்தால் உரிமம் பறிபோகும் என்ற விதியும் சட்டத்தில் இருக்கவேண்டும்.

“வைத்தியசாலை இரவும் பகலும் இயங்குகிறது, அதையும் பாடசாலையையும் ஒரே தராசில் நிறுக்கலாமா?” கூடாது. வைத்தியசாலையை வைத்தியசாலையோடும், வங்கியை வங்கியோடும், விடுதியை விடுதியோடுமே ஒப்பிடவேண்டும்.

மூன்றாவது ஐயம் என் மனத்தையே உறுத்துவது. நம் கிராமப் பாடசாலையிலே மின்விசிறியே இல்லை. பிள்ளைகள் வியர்வையிலே நனைகிறார்கள். அதன் எண் மிகச் சிறியது. அதற்கு முதல் தரம் கொடுத்து மாலையிடுவதா? அது வறுமைக்குச் சூட்டும் மாலையாகிவிடும்! ஆகவே, எண்ணோடு வசதியும் எழுதப்படவேண்டும்: வெளிச்சம் போதுமா, காற்று வருகிறதா, உள்ளே வெப்பம் எவ்வளவு? குறைந்த மின்சாரத்திலே நிறைந்த வசதி கொடுப்பதே செயற்றிறன். இல்லாமையைச் சிக்கனம் என்று பெயரிட்டு அழைக்க நாம் ஒருபோதும் உடன்படோம். பெரிய கட்டடத்திலே மிச்சமாகும் பணம் அப்பாடசாலைக்கு மின்விசிறியாக வரட்டும்!

“தாளைத் தொங்கவிட்டால் மின்சாரம் மிச்சமாகுமா?” ஆகாது. கண்ணாடி முகத்தைக் கழுவாது, அழுக்கைக் காட்டும். கழுவுவது நம் கை. அந்தக் கைக்கு வேலை காட்டவே ஆலோசனைக் குறிப்பையும் கேட்கிறோம். பெரும்பாலும் செலவற்ற வேலைகளே முதலில் வரும்: குளிரூட்டியை 26 பாகையில் வைத்தல், கதவை மூடுதல், இரவில் ஓடுவதைத் தேடி நிறுத்துதல், பழைய மின்குமிழை மாற்றுதல், கூரைக்கு வெண்பூச்சு அடித்தல், மேற்கிலே ஒரு வேம்பு நடுதல்.

வீடு கட்டுவதை நம் முன்னோரிடமிருந்து நாம் கற்கவில்லையா? பனையோலை வேய்ந்த கூரை, தாழ்வான இறப்பு, சுற்றிலும் திண்ணை, சோளகம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வழி. மின்சாரம் இல்லாத காலத்து அறிவு அது. இன்று அதே வெயிலிலே, யன்னல் திறக்காத கண்ணாடிப் பெட்டி கட்டி, உள்ளே குளிரூட்டி வைத்து, வெளியே வீசும் காற்றை மின்சாரமாக்கி அந்தக் குளிரூட்டிக்கு அனுப்புகிறோம்! திறந்த யன்னல் வழியே சும்மா வந்திருக்கவேண்டிய காற்று, கோபுரத்திலும் கம்பியிலும் சுற்றிவந்து பணம் கேட்கிறது.

நாம் செய்யவேண்டியது

பேசிக் கலைந்தால் பயனில்லை. மூன்று காரியங்கள் சொல்கிறேன்.

முதலாவது, நம் வீட்டு வாசலிலிருந்து தொடங்குவோம். கொழும்பை நோக்கி விரல் நீட்டுமுன், மன்னார்க் கச்சேரியும், நகரசபையும், பிரதேச சபையும், வைத்தியசாலையும், பாடசாலைகளும் தம் கணக்கைத் தாமாகவே எழுதித் தொங்கவிடட்டும். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு தீர்மானமும், ஓர் அளவுநாடாவும், பன்னிரண்டு சீட்டுகளும் போதும். மின்மானி படிக்கவும் பரப்பு அளக்கவும் நம் உயர்தர வகுப்பு மாணவர்கள் போதும். பொறியியலாளர்களாகிய நாங்கள் உடன்வருவோம்.

இரண்டாவது, கேட்கும் உரிமையைப் பயன்படுத்துவோம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி, எந்தக் குடிமகனும் எந்தப் பொது அதிகாரசபையிடமும் அதன் மின்கட்டணக் கணக்கை எழுத்திற் கேட்கலாம். 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவுசொல்லியாகவேண்டும். மன்னாரின் காற்றைக் கேட்டு நம்மிடம் கடிதம் வருகிறதல்லவா? மின்சாரத்தின் கணக்கைக் கேட்டு நாமும் ஒரு கடிதம் எழுதுவோம். கொழும்பிலுள்ள பெரிய அமைச்சுக் கட்டடங்களுக்கும் எழுதுவோம்.

மூன்றாவது, பாராளுமன்றத்திலிருக்கும் நம் பிரதிநிதிகளிடம் கட்சி பாராது ஒரே குரலிற் கேட்போம். 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விதியாக்கியோ, வேண்டுமாயின் அச்சட்டத்தைத் திருத்தியோ, பொதுக் கட்டடங்களுக்கும் பெரிய வணிகக் கட்டடங்களுக்கும் வலுச் சான்றிதழைக் கட்டாயமாக்குங்கள். முதலில் 1,000 சதுர மீற்றர், பின்னர் 500, பின்னர் 250. சிறு கடைக்காரரை இப்போது தொடவேண்டாம். புதிய காற்றாலைக்கு அனுமதி கேட்டு வருபவர், இக்கணக்கையும் கையிற் கொண்டுவரட்டும்.

அன்பர்களே! 1964 டிசெம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. போர்க்காலத்தில் நம் புகையிரதப் பாதையும் அற்றுப்போயிற்று; 2015 மார்ச்சிலேதான் வண்டி மீண்டும் தலைமன்னார் இறங்குதுறைக்கு வந்தது. இழந்ததைப் பெற எத்தனை ஆண்டு காத்திருக்க நேரும் என்பதை இவ்வூரார்க்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. இருப்பதைக் கணக்கோடு காப்பதன் அருமையும் உங்களுக்குத் தெரியும்.

நாளைக் காலையில் உங்களுள் பலர் ஏதேனும் ஓர் அலுவலகத்துக்குப் போவீர்கள். வாசலிலே நின்று, அங்குள்ள உத்தியோகத்தரிடம் மரியாதையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐயா, இந்தக் கட்டடம் ஆண்டுக்கு எத்தனை அலகு உண்கிறது?” முதல் நாள் அவர் சிரிப்பார். பத்துப்பேர் கேட்டால் சீட்டைத் தேடுவார். நூறுபேர் கேட்டால் எழுதித் தொங்கவிடுவார்.

அந்த முதற் கேள்வி தலைமன்னாரிலிருந்து கிளம்பட்டும்!